இடப் பக்கத்தில் ஒருத்தி பாடினாள்

அந்தக் குழுவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் உடனே இணையத்தில் தேடி, நாலு பாட்டைக் கேட்டுவிட்டு, இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று என்னிடம் சண்டைக்கு வருவீர்கள். சண்டை எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் யாரும் வாய் வைப்பது எனக்குப் பிடிக்காது. ஸ்காட்லாந்துக்காரர்கள். இரண்டு கிதார், டிரம்ஸ், அவ்வப்போது ஒரு வயலின். பாடுகிறவன் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டவன் மாதிரிப் பாடுவான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏதோ ஒரு சின்னக் கம்பெனி மூலம் முதல் தட்டை வெளியிட்டவர்கள், இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களில் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். நடுவில் அவர்கள் வெளியிட்ட அத்தனையையும் நான் கேட்டேன். ஆல்பங்கள், நாலே பாட்டு உள்ள சின்னத் தட்டுகள், சிங்கிள்களின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வந்த பாட்டுகள், கடைசி ஆல்பம் தவிர எல்லாம், புனேவில் வானவடியிலிருந்து ஹிஞ்சவடிக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில்.

கேட்டேன் என்று எழுதிவிட்டேன். பாதி கேட்டேன் என்பதுதான் சரி.

கோயம்புத்தூரிலிருந்து வேலை கிடைத்துப் புனேவுக்கு வந்தவள் நான். அக்கா வானவடியில் இருந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை. அவர்கள் வீட்டில் ஓர் அறை எனக்கு. பஸ் எங்கள் தெருமுனையில்தான் கிளம்பும் என்பதால் எந்த இருக்கை வேண்டுமானாலும் கிடைக்கும். நான் எப்போதும் இடது வரிசையில் ஜன்னலோரம் உட்காருவேன். ஏன் அங்கே என்று யாராவது கேட்டிருந்தால் வெயில் படாது என்று சொல்லியிருப்பேன். உண்மையில் அங்கேதான் வெயில் படும். அதைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது.

வழியில் கேம்ப் என்ற கடைவீதிப் பகுதியில் என் தோழி ஏறுவாள். என் டீமில் வேலை செய்தவள். பூர்வீகம் காயல்பட்டினம், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் புனே. அவளுடைய வாப்பா கேம்ப்பில் பெட்டி, பை விற்கும் கடை வைத்திருந்தார். அவள் தமிழில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது இந்தியில் போய்த்தான் நிற்கும். தமிழ்ப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, முதல் பத்தி முடிவதற்குள் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுவாள். அவள் அண்ணன் கிளாஸ்கோவில் படித்துக்கொண்டிருந்தார். அங்கே பழைய சி.டி. விற்கும் கடைகளில் பொறுக்கி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். அப்படித்தான் அந்தக் குழு எங்கள் பஸ்ஸுக்குள் ஏறியது.

எங்களுக்குச் சில சட்டங்கள் இருந்தன. வெளிவந்த வரிசைப்படிதான் கேட்க வேண்டும். பிடிக்காத பாட்டைத் தாண்டக் கூடாது. தட்டு முடியும்வரை பேச்சு கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருத்தியை விட்டுவிட்டு இன்னொருத்தி தனியாகக் கேட்கக் கூடாது. சி.டி.யும் அதைச் சுழற்றும் சின்னப் பெட்டியும் அவளுடையவைதான், ஆனாலும் வீட்டில் அவள் பையை விட்டு அவற்றை வெளியே எடுத்ததில்லை. ஆல்பத்தில் வருவது கடைக்காரனுக்கு, சின்னத் தட்டில் வருவதுதான் நமக்கு என்பது அவளுடைய சித்தாந்தம். அந்தக் குழு நல்ல பாட்டையெல்லாம் ஆல்பத்தில் சேர்க்காமல் சின்னத் தட்டுகளில் ஒளித்துவைத்தது உண்மைதான்.

ஒரே இயர்போன், இரண்டு பேர். 'ஆர்' என்று குறி போட்டதை நான் என் வலக் காதில் வைப்பேன். 'எல்' அவளுடைய இடக் காதுக்கு. அவள் எனக்கு வலப் பக்கம் உட்காருவதால் ஒயர் இழுபடாமல் கச்சிதமாக வரும். மற்றவர்கள் எதை வேண்டுமானாலும் எந்தக் காதில் வேண்டுமானாலும் செருகுவார்கள். நாங்கள் குறி பார்த்துச் செருகுகிற ஜாதி. அந்த ஒழுங்குதான் எங்களை இரண்டு வருஷத்துக்கு மேல் முட்டாளாக்கியது.

அந்தக் குழு மூன்றாவதாக வெளியிட்ட சின்னத் தட்டை ஏதோ வீட்டு அறையில் வைத்துத் தாங்களே பதிவு செய்திருந்தார்கள். அதை நாங்கள் பல தடவை கேட்டிருக்கிறோம். ஒரு நாள் காலை பஸ் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டு நின்றபோது, அதில் மூன்றாவது பாட்டில் பாடுகிற ஆளே இல்லாததுதான் அழகு என்று நான் சொன்னேன். வெறும் கிதாரும் டிரம்ஸும் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"வெறும் கிதாரா? அரே, பூரா பாட்டும் ஒரு பொண்ணு பாடுது. டிரம்ஸ்தான் இல்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் சொன்னதைத்தான் சரியென்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிற ஆள் நான். பேச்சு முற்றி, முன்னிருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் போனது. கடைசியில் அவள் தன் பக்கத்து இயர்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். நான் அப்போதும் ஒழுங்கு மாறாமல் 'எல்' குறியைப் பார்த்து, அதை என் இடக் காதில் செருகிக்கொண்டேன். ஒன்றுமில்லை. பாடகியும் இல்லை, கிதாரும் இல்லை. சுவருக்கு அப்பால் யாரோ பாத்திரம் நகர்த்துவது மாதிரி ஏதோ ஒன்று, அவ்வளவுதான். உன் இயர்போன் பக்கம் செத்துப்போய்விட்டது என்று வெற்றியோடு திருப்பிக் கொடுத்தேன். அவள் காதில் வைத்துப் பார்த்தாள், பாடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு அதையே என் வலக் காதில் வைத்தாள்.

ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். மெல்லிய குரல், கொஞ்சம் கரகரப்பு. நான் பல தடவை கேட்ட அந்தப் பாட்டு முழுக்க, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை, அவள் இடப் பக்கத்தில் பாடிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

மற்ற தட்டுகளில் குரல் இரண்டு பக்கமும் வரும்படி கலந்திருந்ததால் எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இந்த ஒன்றில் மட்டும் பாடகியை ஒரு பக்கமும் டிரம்ஸை ஒரு பக்கமும் தள்ளியிருந்தார்கள். நல்ல காது இரண்டு வைத்துக்கொண்டு அவளும் பாதிதான் கேட்டிருக்கிறாள் என்று நான் கிண்டல் செய்யப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கே லீவு போடு, டாக்டரிடம் போகலாம் என்றாள். பயம் எனக்கு அப்போதுதான் வந்தது.

காது டாக்டர் ஒரு மராத்தி அம்மாள். இரும்புக் கவட்டை ஒன்றைத் தட்டி அதிரவிட்டு, என் இடக் காதுக்கு முன்னால் காட்டினார், கேட்கவில்லை. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார், கணீரென்று கேட்டது. பிறகு வரிசையாகக் கேள்விகள். சத்தமான இடத்தில் மற்றவர் பேசுவது உனக்கு நன்றாகக் கேட்கிறதா? ஆமாம், பஸ்ஸில் எனக்கு எல்லாம் நன்றாகக் கேட்கும். நீ மெதுவாகப் பேசுகிறாய் என்று சொல்கிறார்களா? ஆமாம், சின்ன வயதிலிருந்து எனக்கு அந்தப் பெயர்தான். காதுக்குள் இருக்கும் மூன்று எலும்புகளில் கடைசி எலும்பு, நொய்யரிசி அளவுதான் இருக்கும், அது இறுகி அசையாமல் நின்றுவிட்டது என்றார். இப்படி இறுகினால் வெளிச் சத்தம் உள்ளே போகாது, ஆனால் நம் குரல் நமக்கே பெரிதாகக் கேட்கும், அதனால் குரல் தானாகத் தணிந்துவிடும். அந்த எலும்புக்குப் பதிலாக மயிரிழை மாதிரி ஒரு கம்பி வைக்கலாம். பெரும்பாலும் கேட்கும். மிகச் சிலருக்கு இருப்பதும் போய்விடும். பிள்ளை பெற்றால் இன்னும் மோசமாகலாம் என்பதால் அதற்கு முன்னால் செய்துகொள்வது நல்லது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்றும் கேட்டார். அக்கா ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் விசாரித்தாள். எங்கள் பக்கம் ஒருத்தருக்கும் கிடையாது என்று அம்மா அடித்துச் சொல்லிவிட்டாள்.

எனக்கு அந்தக் காது வேண்டும். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டு வரை ஒன்று விடாமல் இரண்டு காதாலும் கேட்பேன், அதற்கு என்ன செய்ய வேண்டுமோ செய்வேன். அபாயம் இருக்கிறதே என்று அக்கா தயங்கினாள். கேட்காத காதில் இழக்க என்ன மிச்சம் என்று நான் அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

அம்மா ரயிலேறி வந்து சேர்ந்தாள். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. பையன் புனேவிலேயே வாகட்டில் இருந்தான், ஹிஞ்சவடியில் வேலை, பெற்றோர் கோயம்புத்தூர். அவர்களிடம் அம்மா என்னைப் பற்றிச் சொல்லியிருந்த முதல் பெருமை, எங்கள் பெண் அதிர்ந்து பேச மாட்டாள் என்பது. நோயைத்தான் குணமென்று விற்றுக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் என்றதும் அவள் முகம் இறுகிவிட்டது. கல்யாணம் முடியட்டும், அதுவரை ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது என்றாள்.

"ஒரு காது நல்லாத்தானே கேக்குது கண்ணு? அத வெச்சுப் பொழைக்க முடியாதா? ஊருல அத்தனை பொம்பளையும் ரெண்டு காதுலயுமா கேட்டுக்கிட்டுக் குடித்தனம் பண்றாங்க?"

நான் முடியாது என்றேன். அம்மா அழுதாள். நான் மறுபடி முடியாது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் பெண் பார்க்க வந்தார்கள். யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு எந்தப் பக்கம் வருவார்கள் என்று அம்மா விடிந்ததிலிருந்தே திட்டம் போட்டு, சோபாவைச் சுவரோடு தள்ளி, என்னை இடது கோடியில் உட்கார வைத்திருந்தாள். அதில் அவள் காட்டிய கைத்தேர்ச்சி எனக்கு எரிச்சலாக இருந்தது. எல்லாம் அவள் நினைத்தபடிதான் போனது, பையனுடைய அம்மா எழுந்து வந்து, வாஞ்சையாக என் இடப் பக்கத்தில் ஒரு பிரம்பு மோடாவைப் போட்டு உட்காரும் வரை. அந்த அம்மாள் என் தோளைத் தொட்டு என்னவோ கேட்டார். உதடு அசைந்தது தெரிந்தது. அம்மா எதிரிலிருந்து எனக்குக் கண்ணைக் காட்டினாள். தலையை ஆட்டு என்று அர்த்தம்.

தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். அதற்கப்புறம் எத்தனை வருஷம் ஆட்ட வேண்டியிருக்கும் என்பதுதான் எனக்குத் தோன்றியது.

"நீங்க கேட்டது எனக்குக் கேக்கலீங்க. எனக்கு இந்தக் காது கேக்காது, ஆபரேசன் பண்ணிக்கப் போறேன். அந்தப் பக்கம் வந்து கேளுங்க, பதில் சொல்றேன்."

அந்த அம்மாளைப் பாராட்ட வேண்டும். எழுந்து சுற்றி வந்து வலப் பக்கம் உட்கார்ந்து மறுபடி கேட்டார். சமையல் வருமா என்பதுதான் கேள்வி. வராதுங்க என்றேன். கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்ப் போன் செய்வதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். போன் வரவில்லை. அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஊருக்கும் போகவில்லை. சமைத்துப் போட்டு, தட்டை என் முன்னால் நகர்த்திவிட்டு, சுவரிடம் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷனுக்கு அக்கா கையெழுத்துப் போட்டாள். தோழி லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். மயக்க மருந்து கிடையாது, காதில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்துவிட்டு, நாம் விழித்திருக்கும்போதே செய்கிறார்கள். அந்த ஊசி வலி உயிர் போகும் வலி. அதற்குப் பிறகு வலி இல்லை, உள்ளே யாரோ பாத்திரம் தேய்ப்பது மாதிரிச் சத்தம்தான். கொஞ்ச நேரம் எல்லாம் அடங்கியிருந்தது. திடீரென்று இடப் பக்கத்தில், மிகவும் பக்கத்தில், ஒரு குரல்.

"ஐகூ யேத்தய் கா?"

கேட்கிறதா என்று மராத்தியில் கேட்டார் டாக்டர். என் இடக் காது திரும்பி வந்து கேட்ட முதல் வார்த்தை மராத்தி. யேத்தய், யேத்தய் என்று நான் சொன்ன வேகத்தில் தலையை அசைக்காதே என்று அதட்டல் விழுந்தது. அசைக்காமல் அழுதேன்.

அப்புறம் பஞ்சு வைத்து அடைத்துவிட்டார்கள். சில நாள் தலை சுற்றியது. நாக்கில் எந்நேரமும் இரும்பு ருசி. அம்மா வைத்த ரசம் ஆணியை ஊறப்போட்ட தண்ணீர் மாதிரி இருப்பதாக நான் சொல்ல, அவளுடைய கோபம் இன்னும் ஒரு படி ஏறியது. பஞ்சை எடுத்த அன்று என் செருப்புச் சத்தமே எனக்குத் தாங்கவில்லை. அக்கா வீட்டு குக்கர் இரண்டு பக்கமும் கத்தியது. கத்தட்டும் என்று சமையலறையிலேயே நின்று கேட்டேன்.

காது தேறியதும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தோழி அத்தனை சி.டி.களையும் கடைப் பை ஒன்றில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு ஹெட்போன்களை ஒன்றாகச் செருகுகிற பிளக் ஒன்றும் வாங்கியிருந்தாள். என் கட்டிலில் சாய்ந்துகொண்டு முதல் தட்டிலிருந்து தொடங்கினோம். சட்டம் சட்டம்தான், தாண்டக் கூடாது. மூன்றாவது சின்னத் தட்டு வந்தபோது அந்தப் பெண் என் இடப் பக்கத்தில் பாடினாள், வலப் பக்கத்தில் டிரம்ஸ் அவளோடு கூடவே நடந்தது. இவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. தோழியும் வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். இத்தனை நாள் அவளுக்கு அது டிரம்ஸே இல்லாத பாட்டு. மற்ற தட்டுகளிலும் எங்களுக்குப் புதிதாக ஏதாவது கிடைத்துக்கொண்டே இருந்தது. ஒன்றில் யாரோ இருமினார்கள். ஒன்றில் வயலின் முழுக்க இடப் பக்கமே இருந்தது. அது வயலின் இல்லாத தட்டு என்று, தோழி வராத ஒரு நாள், நான் பஸ்ஸில் மற்றவர்களிடம் பிரசங்கமே செய்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை கடைசி ஆல்பத்துக்கு வந்துவிட்டோம். தோழியின் அண்ணன் அப்போதுதான் அனுப்பியிருந்தார், இருவரும் அதுவரை கேட்டதில்லை. கடைசிப் பாட்டு முடிந்தும் பெட்டியில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் காலத்தில் குழுக்களுக்கு இப்படி ஒரு வழக்கம் உண்டு. ஆல்பம் முடிந்ததும் பல நிமிஷம் வெறும் மௌனத்தை ஓடவிட்டு, அதற்கப்புறம் அட்டையில் போடாத ஒரு பாட்டை ஒளித்துவைப்பார்கள். அதற்குள் தொழுதுவிட்டு வந்துவிடுகிறேன், நிறுத்தாதே என்று சொல்லிவிட்டுத் தோழி பக்கத்து அறைக்குப் போனாள்.

அம்மா காபியோடு வந்தாள். வந்ததே ஒரு சமாதானம்தான். அப்படி என்னத்தைத்தான் இந்தப் பிள்ளைகள் நாள் முழுக்கக் கேட்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே தோழியின் ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மெதுவாகத் தலையை ஆட்ட ஆரம்பித்தாள். விரல் முழங்காலில் தாளம் போட்டது.

"நல்லாத்தான் பாடறான்" என்றாள்.

என் இரண்டு காதிலும் சத்தமில்லை. எண்கள் மட்டும் ஓடின. முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த நொடி அது நின்றுவிட்டது. அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். மோடாவில் உட்கார்ந்த அம்மாளுக்கு நான் ஆட்டியிருக்க வேண்டிய தலை அது. நான் என் ஹெட்போனைக் கழற்றினேன், அவளுடையதையும் கழற்றினேன். காபி டம்ளரால் வாயை மறைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேன்.

"ஆமாங் கண்ணு" என்றாள் அம்மா, சிரித்துக்கொண்டே.

டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் முகத்துக்கு நேராகப் போய், எத்தனை வருஷமாகக் கேட்கவில்லை என்று கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றாள். நான் விடவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, அழுகை இல்லை. அக்கா போனில் கேட்டபோது ஒருத்தருக்கும் கிடையாது என்று ஏன் சொன்னாய் என்று கத்தினேன். இந்த முறை அவளுக்குக் கேட்டது.

அக்கா பிறந்தபோதே அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தமாக இருந்ததாம். நான் பிறந்த பிறகு ஒரு பக்கம் அறவே போய்விட்டதாம், இன்னொரு பக்கமும் இப்போது போய்க்கொண்டிருக்கிறதாம், போனை அந்தக் காதில் அழுத்தி வைத்தால்தான் கேட்குமாம். அதைச் சொன்னவுடனே, உன் மேல் தப்பில்லை சாமி என்று என் கன்னத்தைத் தடவினாள். மாமியார் வீட்டில் தெரிந்தால் செவிடி என்று பெயர் வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் உதட்டைப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டாளாம். அப்பாவுக்கு இன்று வரை தெரியாது. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், அந்த மனிதருக்குத் தெரியாது. ஒளித்துவைத்த பாட்டு எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியாது.

நாளைக் கழித்து டாக்டரிடம் போகிறோம் என்றேன். வருகிறாயா என்று கேட்கவில்லை, சொன்னேன். அம்மா முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"இத்தன வருசங்கழிச்சு உங்கப்பாகிட்ட என்னன்னு சொல்றது?"

"காது கேக்கலைன்னு சொல்லு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோழி வாசல்வரை வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, அப்படியே நின்றாள். அப்புறம் அம்மா என் பக்கம் திரும்பி, என் உதட்டைப் பார்த்துக்கொண்டு, அந்த ஊசி வலிக்குமா என்று கேட்டாள். வலிக்கும் என்றேன். அவளிடம் இனிமேல் ஒரு பொய்யும் சொல்வதாக இல்லை.

"அப்ப நீ பக்கத்துலயே இருக்கோணும்" என்றாள்.